அந்தரத்தில் அளந்த சப்பாத்து

கமலாம்பிகைக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அதற்குள் புருஷனோடு வந்த சண்டைகளை எண்ணிப் பார்த்தால் முக்கால்வாசி சப்பாத்தில்தான் தொடங்கியிருக்கும். மனுஷன் குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை, கறியில் உப்புக் கூடினாலும் வாய் திறப்பதில்லை. தங்காக் என்ற ஊரில் காணிக் கந்தோரில், அதாவது நில அலுவலகத்தில், இரண்டாம் கிளாக்கர் சிற்றம்பலம் என்றால் ஊருக்குள் நல்ல பேர்தான். அந்த நல்ல மனுஷனுக்குத் தன் காலின் அளவு என்ன என்பது மட்டும் நாற்பது வயதாகியும் தெரியாது. தெரியாது என்பதைவிட, தெரிந்துகொள்ள மாட்டேன் என்று ஒரு குரங்குப்பிடி.

இருபது வயதுவரை யாழ்ப்பாணத்துப் பனங்காணிகளில் வெறுங்காலோடு திரிந்த கால் அது. பாதம் பரந்து, விரல்கள் ஐந்தும் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டதுபோல் விலகி நிற்கும். கப்பலேறி வந்து சிங்கப்பூரில் முதல் சப்பாத்து வாங்கியபோது அவர் அதைப் போட்டுப் பார்த்து வாங்கவில்லை. கண்ணாடிக்குள் இருந்ததைப் பார்த்தே வாங்கினார். ஒடுக்கமாய், முனை கூராய் இருந்தால் அது உத்தியோகக்காரன் சப்பாத்து. அகலமாய் இருந்தால் அதைப் போடுகிறவன் மண் வெட்டப் பிறந்தவன். இதுதான் அவருடைய சாஸ்திரம். செருப்புக்குத் தகுந்தபடி காலைத் தறிப்பார்களா என்று உலகம் கேட்கும். கமலாம்பிகையின் வீட்டில் அது தினசரி நடந்துகொண்டிருந்தது.

வாங்குகிற லட்சணம் அப்படியென்றால் வைத்துக்கொள்கிற லட்சணம் அதைவிட மோசம். தங்காக் இருக்கிற லெடாங் மலையடியில் மழைக்கு நேரங்காலம் கிடையாது. நனைந்த சப்பாத்தைக் கொண்டுவந்து நேரே அடுப்புக்கரையில் வைத்துவிடுவார். தோல் காய்ந்து கருவாடாகி வெடித்துப்போகும். அவள் அதை எடுத்து, சேற்றை ஈரத்துணியால் துடைத்து, உள்ளே உமி நிரப்பி, நிழலில் இரண்டு நாள் வைத்து, பிறகு எண்ணெய் தடவித் தேய்த்துக் கொடுப்பாள். இரண்டு நாள் மறந்திருந்தால் பச்சையாய்ப் பூஞ்சணம் பூத்துவிடும். அதையும் அவள்தான் துடைப்பாள். "அடுப்புக்கரை சோறு ஆக்கிற இடம், சப்பாத்து வேகவைக்கிற இடமில்லை" என்று அவள் கரடியாய்க் கத்தியும் பயனில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு.

இந்தக் கூத்தையெல்லாம் அவள் சகித்துக்கொண்டே இருந்திருப்பாள். ஆனால் அந்த வருஷம் சப்பாத்து அவள் மகள் தலையில் வந்து விடிந்தது.

மகள் யோகத்துக்கு ஒன்பது வயது. தங்காக்கில் அவளுக்கு இனிப் படிக்க வழியில்லை. சிற்றம்பலத்தின் தமையன் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியிருந்தார்: பிள்ளையைத் தை மாதக் கப்பலில் அனுப்பு, இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன். போனால் திரும்ப ஏழெட்டு வருஷம். பக்கத்துப் பட்டணமான மூவாரில் பள்ளிக்கூடம் உண்டு, அங்கே சுங்கக் கந்தோரில் வேலை பார்க்கிற, தெரிந்தவரான சபாபதி வீட்டில் விடலாம் என்று கமலாம்பிகை சொல்லிப் பார்த்தாள். "பிறத்தியார் வீட்டுச் சோத்திலை என்ரை பிள்ளை வளராது" என்று அவர் ஒரே வெட்டாய் வெட்டிவிட்டார்.

ஒரே ஒரு வழி திறந்தது. ஜொகூர் பாருவில் பெரிய கந்தோரில் ஒரு இடம் காலி. எல்லைக் கற்களை நேரில் நடந்து பார்த்து எழுதும் கிளாக்கர் வேலை. குடியிருக்க வீடும் உண்டு, பக்கத்திலேயே பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடமும் உண்டு. சிற்றம்பலம் அல்லது முதல் மேசைக் கிளாக்கர் சோமசேகரம், இருவரில் ஒருவருக்கு. இருவரையும் தனித்தனியே இரண்டு நாள் காட்டுக்குள் கூட்டிப்போய் நடக்கவைத்துப் பார்த்துத்தான் துரை முடிவு சொல்லுவார். வேலை கிடைத்தால் யோகம் தாயோடு இருப்பாள், கிடைக்காவிட்டால் கப்பல்.

"இந்த முறையாவது காலுக்கு அளவாய்ச் செய்விச்சுப் போடுங்கோ" என்று கமலாம்பிகை கெஞ்சினாள். அவரும் இணங்கினார். மூவாரில் ஒரு சீனச் சப்பாத்துக்காரர் நன்றாகத் தைப்பார் என்று பேர். நேரே போக லீவு கிடைக்கவில்லை. மூவாருக்குச் சாமான் ஏற்றிப்போகும் லாரிக்கார வீரமுத்து விசாரித்து வந்து சொன்னான்.

"ஐயா, கடை முதலாளி தவுக்கே ஒண்ணுதான் சொன்னாரு. சாயங்காலம், வேலையெல்லாம் முடிஞ்சு, கால் வீங்கியிருக்கிற நேரத்துல அளக்கணுமாம். பேப்பரைத் தரையில போட்டு, அது மேல ஏறி நல்லா ஊணி நின்னு, சுத்தி வரையணுமாம். உக்காந்து வரைஞ்சா சரியா வராதாம்."

"பேப்பருக்கு மேலை ஏறி நிக்கிறதோ?" என்றார் சிற்றம்பலம். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததுமே கமலாம்பிகைக்குத் தலைவலி வந்துவிட்டது.

எழுத்தால் சோறு தின்கிறவர் அவர். தரையில் ஒரு துண்டுக் காகிதம் காலில் பட்டுவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அது நல்ல பழக்கந்தான். அவளும் அப்படித்தான் வளர்ந்தாள். ஆனால் சப்பாத்துக்காரன் கேட்ட வெறுந்தாளில் சரஸ்வதி எங்கே வந்து உட்கார்ந்தாள்?

மறுநாள் சாயங்காலம் அல்ல, காலையிலேயே, குளித்துத் திருநீறு பூசிய கையோடு அவர் கதிரையில் உட்கார்ந்தார். காகிதத்தைத் தரையில் விரித்தார். அதற்கு ஒரு விரற்கடை மேலே காலைத் தூக்கி அந்தரத்தில் பிடித்துக்கொண்டார்.

"ம், கீறும்" என்று பென்சிலை அவளிடம் நீட்டினார்.

"என்னப்பா இது விளையாட்டு? எழும்பி நில்லுங்கோ!"

"சரஸ்வதியை மிதிக்கச் சொல்லுறீரோ?"

"அப்ப நிலத்திலை நில்லுங்கோ. கரியாலை நிலத்திலை கீறிப்போட்டு நான் கடதாசியிலை பாத்துக் கீறுறன்."

"கந்தோருக்கு நேரம் போகுது. கால் என்ன, காத்திலை இருந்தால் ஒண்டு, நிலத்திலை இருந்தால் வேறையோ? கீறும் எண்டால் கீறும்!"

தொங்குகிற கால், பாரம் ஏறாத கால், ஒடுங்கித்தான் இருக்கும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். கிணற்றடியிலிருந்து அவர் வந்த ஈரக்காலின் தடம் சீமெந்துத் தரையில் இன்னும் காயாமல் கிடந்தது. பென்சிலால் கீறி முடித்து, அவர் உடுப்பு மாற்ற உள்ளே போனதும் அந்தத் தடத்தின்மேல் காகிதத்தைப் பிடித்துப் பார்த்தாள். முழுசாய் ஒரு விரல் அகலம் குறைந்தது.

அப்போதே சுற்றி இன்னொரு கோடு போட்டிருக்கலாம். பென்சில் கையில்தான் இருந்தது. ஆனால் பதினோரு வருஷத்து எரிச்சல் அந்த நிமிஷத்தில் அவள் கையைத் தடுத்தது. 'எத்தனை தரம் சொல்லுறது! பட்டுத் தெரியட்டும்' என்று நினைத்தாள். காகிதத்தை நாலாய் மடித்து வீரமுத்துவிடம் கொடுத்தனுப்பினாள். அந்த நேரத்தில் யோகத்தின் நினைவு அவளுக்கு வரவேயில்லை.

இரண்டு வாரத்தில் சப்பாத்து வந்தது. நல்ல தோல், நல்ல தையல். அனுப்பின படத்துக்கு அச்சு அசலாய் இருந்தது. சிற்றம்பலத்துக்கு வாயெல்லாம் பல். பெருவிரலை மடித்து, மூச்சைப் பிடித்து, ஒருமாதிரிக் காலை நுழைத்துவிட்டார்.

"நோகுதே?" என்று கேட்டாள். பயம் இப்போதுதான் பிடித்தது.

"புதுசு. நடக்க நடக்க இளகும்."

"கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, துணியிலை கட்டி, ராத்திரி முழுக்க உள்ளுக்கு வைச்சால் ஊதி விரியுமாம். வைக்கட்டே?"

"திங்கிற சாமானைச் சப்பாத்துக்குள்ளையோ? உமக்கு விசர்."

காகிதம் சரஸ்வதி, கடலை அன்னலட்சுமி. கால் மட்டும் யாருமில்லாத அனாதை. கமலாம்பிகை பல்லைக் கடித்துக்கொண்டு பழைய சப்பாத்தையும் பையில் வைத்துவிட்டாள். துரையோடு காட்டுக்குப் புறப்படும்போது அவர் அதை எடுத்து வெளியே போட்டுவிட்டுப் போனார்.

இரண்டு நாள் என்று போனவர் முதல் நாள் பின்னேரமே வீரமுத்துவின் லாரியில் வந்து இறங்கினார். இறங்கினார் என்றா சொல்வது? வீரமுத்து தாங்கிக்கொண்டு வந்து கதிரையில் இருத்தினான்.

"நாலு மைல்லயே ஐயாவுக்கு முடியலம்மா. சப்பாத்தைக் கழட்டிட்டு வெறுங்கால்ல வாங்கன்னு துரையே சொன்னாராம். மாட்டேன்னுட்டாராம்."

அவன் போனபின் அவள் வாரை அவிழ்த்தாள். காலுறை ரத்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர் ஊற்றி ஊற்றித்தான் பிரிக்க முடிந்தது. முள்ளையும் கல்லையும் மிதித்து இருபது மைல் நடக்கக்கூடிய கால், ஒரு கிளாக்கர் வெறுங்காலோடு துரைக்கு முன்னால் நடப்பதா என்ற ரோஷத்தில் நாலு மைலில் கிழிந்து கிடந்தது. அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாய் வந்தன.

"சோமசேகரத்துக்குத்தான் அந்த இடம்" என்றார் சிற்றம்பலம், கால்களை வெந்நீர்த் தொட்டியில் வைத்தபடி. பிறகு குரல் உயர்ந்தது. "அந்தச் சீனன் ஏமாத்திப்போட்டான். இண்டைக்கே கடதாசி எழுதுறன் பாரும்!"

"எழுதாதேங்கோ. நாங்கள் அனுப்பின காலுக்கு அவன் சரியாய்த்தான் தைச்சிருக்கிறான்."

"என்ன?"

"ஒரு விரல் குறையுது எண்டு எனக்குத் தெரியும். அண்டைக்கே உங்கடை ஈரக்கால் தடத்தோடை வைச்சுப் பாத்தனான். திருத்தேல்லை. உங்களிலை இருந்த ஆத்திரத்திலை அப்படியே அனுப்பிப்போட்டன்."

அவர் அவளையே பார்த்தார். "ஏனப்பா சொல்லேல்லை?"

"சொன்னனான். பதினொரு வருஷமாய்ச் சொல்லுறன். நீங்கள் எப்ப கேட்டனீங்கள்?" அவள் வெந்நீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "உங்கடை வீம்புக்கும் என்ரை ஆத்திரத்துக்கும் பிள்ளை கப்பலேற ஏலாது. கால் எங்கடை, பிழை எங்கடை. அவள் என்ன செய்தவள்?"

உள்ளே யோகம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். சிற்றம்பலம் தொட்டியிலிருந்து கால்களை எடுத்துத் துணியால் ஒற்றினார்.

"சபாபதி வீட்டிலை விட்டால், சனிக்கிழமை சனிக்கிழமை லாரியிலை வருவாளோ?" என்று கடைசியில் கேட்டார். அவரிடமிருந்து அப்படி ஒரு கேள்வி வந்ததே அவளுக்குப் புதுசு.

"வருவாள்."

"ஊரிலை அண்ணைக்கு என்னெண்டு எழுதுறது?"

"பிள்ளை வராது எண்டும், இந்த வேலை ஏன் தவறினது எண்டும் உண்மையை எழுதுங்கோ."

"கால் பெருத்ததெண்டோ?"

"ஓம். அதையே எழுதுங்கோ."

அவர் எழுதினார். கமலாம்பிகை அடுப்படிக்குப் போய் உலைக்கு அரிசி களைந்தாள். ஏழெட்டு வருஷம் போகாமல் பிள்ளை தப்பினாள் என்று மனசைத் தேற்றிப் பார்த்தாள். சனியும் ஞாயிறும் போக மிச்சம் ஐந்து நாளும் யோகத்தின் தலையை யாரோ ஒருத்தி வாரிப் பின்னிவிடுவாள். பென்சில் தன் கையில் இருந்த அந்த ஒரு நிமிஷத்தை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே கோபம் ஆறவில்லை.