தோகிகோ வைத்த பலகாரம்

ஜப்பானின் தொயாமா நகரில் மாத்திரைக்கு அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் தலை நரைக்கும்வரை கணக்கெழுதியவள் தோகிகோ. மேலாளர் இவாசே அவளைக் கூப்பிட்டு, ஆள் குறைக்கிறோம், ராஜினாமாவை நீயே எழுதிக் கொடுத்துவிடு என்றபோது அவள் பேனாவைத் தொடவில்லை. தானாகப் போனால் ஓய்வுப் பணத்தில் பாதி போய்விடும். அநியாயமாக நீக்கினார்கள் என்று வழக்காடவும் வழியில்லை. வீட்டுக் கடனுக்கு அவள் அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தாள்.

இவாசே அவள் மேசையைச் சுவரோரம் தள்ளினான். கையிலிருந்த வேலையையும் பிடுங்கினான். அதற்கும் அவள் மசியவில்லை. கடைசியில், மாதம் முடிந்ததும் வர வேண்டாமென்று வாயால் மட்டும் சொல்லிவிட்டான், சாமர்த்தியசாலி.

இத்தனை கெட்டியாக நின்றவள், கடைசி நாளில் போய்க் கோட்டைவிட்டாள். வேலையை விட்டுப் போகிறவர்கள் ஆளுக்கொரு பலகாரம் கொடுத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். கொடுக்காவிட்டால் ஏச்சுதான் மிஞ்சும். பூரணம் வைத்த அரிசிப் பலகாரத்தை மேசை மேசையாக வைத்தாள். இவாசேவுக்கும் வைத்து, "இத்தனை நாள் பாத்துக்கிட்டீங்க, ரொம்ப நன்றிங்க" என்று குனிந்து வணங்கினாள். பக்கத்து மேசை ஹமானோ இரண்டைத் தின்றுவிட்டு, அவள் கையில் பூச்செண்டைக் கொடுத்துப் படமும் எடுத்தாள்.

தோகிகோ போட்ட தொழிலாளர் வழக்கில், அவள் தானாகவே போனாள் என்பதற்குச் சாட்சியாகக் கம்பெனி அந்தப் படத்தைத்தான் நீட்டியது. கொடுத்தவள் ஹமானோ. தின்ற வாய்க்குக் கொஞ்சமாவது கூச வேண்டாமா?

"துரத்துனவங்களுக்கு யாராச்சும் பலகாரம் வாங்கிக் குடுப்பாங்களா?" என்றார் கம்பெனி வக்கீல்.

படத்தில் சிரித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள் என்று நீதிபதியும் கேட்டார்.

"படம் எடுக்கறப்ப வேற எப்படிங்க நிக்கறது?" என்றாள் தோகிகோ.

ஊர் மாற்றலாகும்போதெல்லாம் அந்த நீதிபதியும் இனிப்பு கொடுத்தவராகத்தான் இருப்பார். இருந்தும் என்ன? சமாதானமாகப் போங்கள் என்றார்கள். கொடுத்ததை வாங்கிக்கொண்டாள். கடனுக்கு அது போதவில்லை, வீடு போயிற்று.

பிறகு சாப்பாட்டுப் பெட்டி கட்டும் ஆலையில் ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்தாள். கெடு முடிந்தது, நீட்டிக்கவில்லை. இந்த முறை கடைசி நாளன்று வைராக்கியமாக வெறுங்கையோடு வேலைக்குப் போனாள். சாயங்காலம் அவள் கிளம்பக் கோட்டு மாட்டும்போது, கூட வேலை பார்த்தவள் காதில் விழும்படியே சொன்னாள்: "ஒரு இனிப்பு கூட வாங்கிட்டு வரல. என்ன பொம்பளையோ."

வாசல்வரை போன தோகிகோ திரும்பி வந்தாள். தப்புதான், மன்னிச்சுக்குங்க என்று அவளிடம் குனிந்து வணங்கிவிட்டு, ஈரப்பனியில் இறங்கிப் போனாள்.