ஜெசிந்தா அக்காவின் பூத் ரிப்பேரில் இருந்த மாதங்கள்

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். தான் உயிரோடு இருக்கும்வரை இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று அக்கா கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டார் என்பதைவிட மிரட்டினார் என்பதுதான் சரி. இப்போது அவர் இல்லை. அடக்கப் பூசையில் அவரைப் புகழ்ந்தவர்கள் ஒருவர் விடாமல் தவிர்த்த ஒன்றை நம் கோயிலின் பங்கு மடலில் நான் சொல்லப்போகிறேன்.

செய்தி வந்தபோது எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குள் சிக்கிய பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். மரிலூ கைபேசியில் அழைத்தாள். "ஜெசிந்தாக்கா பூட்டாங்க," என்றாள். பிறகு அழுதாள். பிலிப்பைன்ஸில் இலோய்லோ என்ற ஊரில் பிறந்த என் மனைவிக்கு ராயபுரத்துப் பேச்சைக் கற்றுக்கொடுத்தவரே அக்காதான். பஸ் நகரவில்லை. எனக்கு உடனே அழுகை வரவில்லை. இனி இவளுக்கு யார் என்ற பயம்தான் முதலில் வந்தது. அந்தப் பயம் எனக்குப் புதியதல்ல.

அக்காவை உங்களுக்குத் தெரியும். துறைமுக வாசலுக்கு எதிரே, புருஷன் கிரேன் வேலையில் இறந்த பிறகு மனுப்போட்டு வாங்கிய டெலிபோன் பூத்தை நடத்தியவர். கடைசி வருடங்களில் அது ஜெராக்ஸ் கடையாகவும் ரீசார்ஜ் கடையாகவும் சுருங்கிவிட்டது. தொண்ணூறுகளின் கடைசியில் அப்படியில்லை. வளைகுடாவில் வேலைக்குப் போன நம் பங்குப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை விடுமுறையில் அந்த பூத்துக்குத்தான் பேசுவார்கள். சாயங்காலமானால் அம்மாக்களும் மனைவிமார்களும் பெஞ்சில் காத்திருப்பார்கள். மற்ற நாட்களில் கப்பலிலிருந்து இறங்கிய மாலுமிகள் வீட்டுக்குப் பேச வருவார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ்காரர்கள். அக்கா அவர்களை "குமுஸ்தா" என்று நலம் கேட்டு வரவேற்பார்.

நான் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன். செயற்கைக்கோள் வந்து எங்கள் இனத்தையே கரையில் இறக்கிவிட்டது. படித்த படிப்புக்குச் சம்பந்தமில்லாமல் திருவொற்றியூர் தாண்டி ஒரு கன்டெய்னர் கிடங்கில் குமாஸ்தா ஆனேன். என்னிடம் கணக்குக் கேட்டுப் படித்தவர்கள் இன்று காரில் போகிறார்கள், அது போகட்டும். மரிலூவைக் கல்யாணம் செய்து அழைத்து வந்தது அந்தச் சமயத்தில். என் அண்ணன் தன் வீட்டு வாசலோடு எங்களைத் திருப்பி அனுப்பினார். தெருப்பிள்ளைகள் விரலால் கண்ணை இழுத்துக் காட்டினார்கள், பெரியவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் நம் அன்பியக் கூட்டம் பக்கத்து வீட்டில் நடந்தது, அடுத்த மாதம் எதிர் வீட்டில் நடந்தது. எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

மரிலூ கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தாள். சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிடுவாள். அப்போது கர்ப்பம் வேறு. எடை ஏறவில்லை என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். மாடியில் நின்று, வெளியே நங்கூரம் போட்டிருக்கும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காசிமேட்டுப் பக்கம் கடலோரப் பாறைகளில் அவளைத் தனியாகப் பார்த்ததாக ஒருவர் சொன்னார், அதையும் ஏதோ ருசியான செய்திபோலச் சொன்னார். அன்றிலிருந்து வேலை முடிந்து வரும்போது அவள் மாடியில் நிற்கிறாளா என்று தெருமுனையிலேயே அண்ணாந்து பார்ப்பேன்.

ஒருநாள் காலையில் அவள் பாஸ்போர்ட்டைக் கேட்டாள். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. அவளும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. பாறைகளுக்கு ஓடினேன். பிறகு ரயில் நிலையத்துக்கு. யாரிடமும் கேட்க முடியவில்லை, கேட்டால் மறுநாள் தெரு முழுக்க அதுவே பேச்சாகும். துறைமுக வாசலைக் கடக்கும்போது ஒரு பெரிய குரல் என்னை நிறுத்தியது.

"இன்னா ரேடியோ, பொண்டாட்டியத் தேடிக்கினு கீறியா? இங்க கீது பாரு."

மரிலூ பூத்துக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். மாலுமிகள் கரையில் எங்கே போனாலும் கரையிறங்க அனுமதிக்கும் சீட்டைக் காட்டுவதைப் பார்த்துப் பழகியவள், வெளிநாட்டுக்குப் பேசப் பாஸ்போர்ட் வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். எங்கள் வீட்டு போனுக்கு வெளிநாட்டு அழைப்பு வரும், இங்கிருந்து அழைக்கும் ஐ.எஸ்.டி. வசதி கிடையாது.

"கவுண்டர்ல வந்து பாஸ்போர்ட்ட நீட்டுது. இன்னாம்மா, போலீஸ் டேசன்னு நெனச்சிக்கினியான்னு கேட்டேன். அவுங்க அம்மாவாண்ட பேசவிட்டேன். பேசி முடிச்சிட்டு அழுதுது. அதுக்கப்பறம் பாரு, பஜ்ஜி வாசனைக்கு அதுவே கை நீட்டிச்சு," என்றார் அக்கா. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ இன்னா, பேயப் பாத்தா மாறி கீற. ஒக்காரு. தண்ணி குடி."

மறுநாளிலிருந்து பகலில் மரிலூ பூத்தில் இருந்தாள். மாலுமிகள் வந்து தங்கள் பாஷையில் பேசுவார்கள், அவளை அக்கா என்று முறை வைத்துக் கூப்பிடுவார்கள். அவள் ஜில்லாவிலிருந்தே ஒரு சமையல்காரர் வந்து, அவளுடைய பள்ளிக்கூடத்து வாத்தியாரைத் தனக்கும் தெரியும் என்றார். அன்று அவள் சிரித்தது தெருவுக்கே கேட்டது. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வந்தன. கப்பல்காரர்கள் நடுவில் ஒரு பெண் சத்தமாகச் சிரித்தால் இந்தத் தெரு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். அவளை உள்பக்கமாக உட்காரவைக்கும்படி அக்காவிடம் கெஞ்சினேன். அவர் ஸ்டூலைத் தூக்கி வாசலுக்கு நேராகப் போட்டார்.

"மறைச்சி வச்சாத்தான் பேசுவானுங்க. நாலு பேரு பாக்கற மாறி ஒக்காந்தா அவனுங்களே சலிச்சிப் பூடுவானுங்க."

அவர்கள் சலித்துப் போகவில்லை. தெரு நலச் சங்கத்தின் அன்றைய தலைவர் ஒருநாள் நான் இருக்கும்போதே வந்தார். இன்று அவர் பங்குப் பேரவையில் இருக்கிறார், வயதும் மரியாதையும் கூடியிருக்கிறது. அன்று பல்லைக் குத்தியபடி பேசினார்.

"இன்னாக்கா, பூத்தாண்ட கூட்டம் ஓவரா கீது. போன் பண்ணத்தான் வர்றானுங்களா, வேற எதனா வியாபாரமா?"

அக்கா பில்லைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: "உம் புள்ள குவைத்ல போன் பேசப் போறான்ல நைனா. அங்க கீற பூத்துக்காரனும் உன்ன மாறியே கேட்டா நல்லா இருக்குமா?"

அவர் சிரித்துக்கொண்டே போனார். அன்றிரவு நான் இரண்டு முறை எழுந்து கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன்.

அதே வாரம், தெருவிளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் பூத்தின் மீது கல் வீசினார்கள். நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. கண்ணாடி முழுக்கத் தரையில் கிடந்தது. மரிலூ உள்கேபினில் வயிற்றைக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கேபின் கதவை அடைத்துக்கொண்டு, முழங்கையில் ரத்தம் ஒழுக, அக்கா நின்றிருந்தார். எதிர்க் கடைகளில் எல்லோரும் இருந்தார்கள். நீங்கள் இருந்தீர்கள். யாரும் ஒன்றையும் பார்க்கவில்லை என்றீர்கள்.

போலீசுக்குப் போகலாம் என்றேன். "போனா அவன் மொதல்ல கேக்கறது கல்லு போட்டவன் பேரு இல்ல, இந்தப் பொண்ணு பேரு," என்றார் அக்கா. "விசா எங்கம்பான், வியாபாரம் இன்னாம்பான். புள்ளத்தாச்சியத் தூக்கினு போய் பெஞ்சில ஒக்கார வைப்பான். கம்னு இரு. நான் சாவற வரைக்கும் இத்தப் பத்தி வாயத் தொறக்காத. தொறந்தா உன்ன நானே அடிப்பேன்."

மரிலூ மறுபடி வீட்டுக்குள் முடங்கினாள். இந்த முறை மாடிக்குக்கூடப் போகவில்லை. ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவது என்று நான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். விமானத்தில் ஏறும் உடல்நிலையில் அவள் இல்லை என்று டாக்டர் சொன்னார். வைத்திருக்கவும் பயம், அனுப்பவும் பயம்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு போன் அடித்தது. குவைத்திலிருந்து ஒரு பையன் குரல், "எங்கம்மா அங்க கீறாங்களா?" என்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வாசலில் பெண்கள் கூட்டம். கல் வீசிய பிறகு எங்கள் வாசலில் நான் பார்த்த முதல் கூட்டம் அது. ரிசீவரை அப்படியே மேசைமேல் கிடத்தினேன். அவர்களுக்கு முன்னால் அக்கா, கையில் கட்டோடு.

"பூத்து ரிப்பேரு. துபாயி, குவைத்து எல்லாத்துக்கும் உன் நம்பரக் குடுத்துட்டேன். கதவத் தொற."

"அக்கா, எனக்குப் பயமாயிருக்கு," என்றேன். என் வாழ்க்கையில் அதை வாய்விட்டுச் சொன்னது அவரிடம் மட்டும்தான்.

"பயந்துக்கோ. யாரு வேணான்னா? கதவ மட்டும் தொறந்து வச்சிட்டுப் பயந்துக்கோ."

திறந்தேன். ஒருவரும் படியேறவில்லை. போனை வெளியே கொடுக்கும்படி ஒரு பெண் சொன்னாள். சமையலறையிலிருந்து மரிலூ வந்து மேசைமேல் கிடந்த ரிசீவரை எடுத்து, வயர் எவ்வளவு தூரம் நீளுமோ அவ்வளவு தூரம் நடந்து வந்து நின்றாள். அது ஹாலின் நடுவுக்கு மேல் வராது. அழைத்தது சங்கத் தலைவரின் மகன். தலைவரின் மனைவி அந்த வயரையே பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

இரண்டு வார்த்தை பேசுவதற்குள் லைன் அறுந்துவிட்டது. பிள்ளைக்கு அங்கே காய்ச்சல் என்பது மட்டும் அவருக்குக் கேட்டிருந்தது. போனைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதார். மரிலூவுக்கு அவர் பேசியது புரியவில்லை, லைன் அறுந்தது புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி மணி அடிக்கும்வரை விடவில்லை. பையன் நன்றாகப் பேசினான், சாதாரணக் காய்ச்சல்தான். போனை வைத்ததும் அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மரிலூவின் வயிற்றைப் பார்த்தார். "எத்தினி மாசம்மா?" என்றார். அக்காவைத் தவிர, இந்தத் தெருவில் என் மனைவியிடம் ஒரு பெண் கேட்ட முதல் கேள்வி அது.

புதுக் கண்ணாடி அடுத்த வாரமே வந்துவிட்டது. பூத் மட்டும் மாதக்கணக்கில் ரிப்பேரிலேயே இருந்தது. யார் கேட்டாலும், "இன்னா பண்றது, லைன்காரன் வரமாட்டேங்கறான்" என்று அக்கா அலுத்துக்கொள்வார். மாலுமிகளுக்கு அதே பூத்தில் லைன் நன்றாகக் கிடைத்தது. வெள்ளிக்கிழமைகளில் என் ஹாலில் உட்கார இடமிருக்காது. நான் ஒவ்வொரு வாரமும் பயந்தேன். இவர்கள் வேவு பார்க்க வருகிறார்கள், நாளைக்கு இதையே கதையாக்குவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தி கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். மரிலூ நூடுல்ஸ்போல ஒன்று செய்து வைத்தாள். "இன்னாம்மா, புழு மாறி கீது" என்று கேலி செய்துகொண்டே தட்டைக் காலி செய்தார்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போன அன்று ஆட்டோவில் அவளோடு ஏறியவர் தலைவரின் மனைவி. நான் பின்னால் சைக்கிளில் போனேன்.

அடக்கத்தன்று தலைவர் மைக்கைப் பிடித்து, ஜெசிந்தா அக்கா நம் பங்கின் தாய் என்றார். அந்தக் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றிருந்தேன். சொல்லவில்லை. அக்கா மன்னித்திருக்கலாம், அது அவருடைய குணம். எனக்கு அந்தக் குணம் வாய்க்கவில்லை, வரவும் வேண்டாம்.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது வெள்ளிக்கிழமைச் சத்தம். இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது, என் வீட்டு போனுக்கு யாரும் அழைப்பதில்லை. இருந்தும் அந்தப் பெண்கள் வருகிறார்கள். வாசலில் செருப்புகள் சேரும் ஓசை கேட்டால் இன்றும் எனக்கு முதலில் பயம்தான் வருகிறது. எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவேன். கீழே அவர்கள் சிரிப்பதில் மரிலூவின் சிரிப்பு எது என்று தனியாகத் தெரியும்.

இதைப் பங்கு மடலுக்கு அனுப்பும் முன் அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள்.

"எல்லாம் நெஜம்தான். போடு," என்றாள். "உன் பேரு மட்டும் போடாத. பேரு போட்டா தலைவரு வூட்டம்மா உனக்குப் பதில் சொல்லணும். அப்பறம் என்னாண்ட எப்படிப் பேசும்?"

பிலிப்பைன்ஸ்காரி இருக்கும் வீடு இந்தப் பங்கில் ஒன்றுதான். யார் எழுதியது என்று மரிலூ பெயரைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாததுபோல இருந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவள் வந்தால், எப்போதும்போல நகர்ந்து அவளுக்கு இடம் விடுங்கள். அதற்காகத்தான் கையெழுத்தில்லாமல் இதைத் தபாலில் சேர்க்கிறேன்.