தாழ்ப்பாள் சத்தம்

தையலக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கொட்டகையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவள் தையல் கடைக்குப் பின்னால் மூடிப்போன அச்சகக் கொட்டகை ஒன்று இருந்தது. லாரியில் அடிபட்ட நாய் ஒன்றை ஒரு மழை நாளில் அதற்குள் தூக்கிப்போய்ப் படுக்க வைத்தாள். கால் சரியானதும் போய்விடும் என்றுதான் நினைத்தாள். அது போகவில்லை, இன்னும் சில வந்து சேர்ந்தன. தெருவில் யாருக்கு நாய் பாரமானாலும், தைக்கக் கொடுத்த துணி மாதிரி அவள் கடை வாசலில் விட்டுவிட்டு ஓடினார்கள். துணியையாவது திரும்ப வாங்க வருவார்கள்.

பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நான், மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் என்று சிலர் கூடச் சேர்ந்தோம். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைத்தது. சாப்பாட்டு நேரத்தில் நாய்களை வரிசையில் நிறுத்தக் கண்டக்டர் விசில்கூட ஊதிப் பார்த்தார். ஒரு நாயும் மதிக்கவில்லை.

எதிர் மாடி வீட்டுக்காரர், குரைப்பு தாங்கவில்லை என்று இடத்துக்காரரிடம் போய் நின்றார். இன்னொரு புகார் வந்தால் காலி பண்ணத்தான் வேண்டும் என்று இடத்துக்காரர் அக்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டார். அக்கா யோசித்து ஒரு பழக்கம் கொண்டுவந்தாள். இரும்புக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு உட்காருகிற நாய்க்குப் பிஸ்கட். குரைத்தால் கிடையாது. நாங்களும் மாறி மாறித் தாழ்ப்பாளைத் தூக்கிப் பழக்கினோம். கடைசியில் யார் உள்ளே வந்தாலும் அத்தனையும் உட்கார்ந்து கையையே பார்க்கும். எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிறகு இடத்துக்காரர் இறந்துபோனார். மகன் இடத்தை விற்றுவிட்டான். மாதக் கடைசிக்குள் வீடு கிடைக்காத நாய்களை நகராட்சி வண்டி அள்ளிக்கொண்டு போகும் என்றார்கள். அந்த வண்டியில் போன நாய் திரும்பி வந்ததாக நான் கேட்டதே இல்லை.

அக்கா மெஷினை மூடிப் போட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். குட்டிகள் போயின. பெரிய நாயைக் கேட்கிறவனுக்குக் காவல்தானே வேண்டும்? வந்தவர்கள் கதவைத் திறந்ததும் எல்லாம் சமர்த்தாக உட்கார்ந்தன. வந்த வழியே போனார்கள். மரக்கடைக்காரர் மட்டும் கறுப்பன் என்ற நாயைக் கூட்டிப்போனார். சில நாளில் அவரே திரும்பக் கொண்டுவந்தார்.

"என் ஆள் ஒருத்தன முகத்தக் கட்டிக்கிட்டு தாழ்ப்பாளத் தெறக்கச் சொன்னேன்க்கா. இது உக்காந்து அவன் கையப் பாக்குது. குரைக்காத நாய வச்சு நான் என்ன பண்றது?"

அக்கா மிச்சமிருந்த நாட்களில் பழக்கியதை மறக்கடிக்கத் தலைகீழாக நின்றாள். குரைத்தால் பிஸ்கட் என்று மாற்றினாள். குரைத்தால்தானே கொடுப்பதற்கு? கடைசியில் தரையில் உட்கார்ந்து அவளே குரைத்துக் காட்டினாள். நாய்கள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு இன்னும் ஒழுங்காக உட்கார்ந்தன. சிரிக்க ஆரம்பித்த கண்டக்டர் பாதியில் எழுந்து போனவர்தான், அப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

வண்டி வந்தது. சுருக்குக் கயிற்றோடு ஒருவர் தாழ்ப்பாளைத் தூக்கினார். அத்தனையும் உட்கார்ந்தன. ஒன்றாவது கடித்துத் தொலைக்கக் கூடாதா என்று எனக்கு இருந்தது. இவ்வளவு ஒழுங்கான நாய்களைப் பார்த்ததே இல்லை என்று அவர் மனதாரப் பாராட்டினார்.

அக்கா பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"இப்ப எதுக்குக்கா இது?" என்றேன்.

"சொன்னபடி உக்காந்திருக்குங்க தம்பி. குடுக்காம எப்படி அனுப்புறது?"

ஒவ்வொன்றுக்கும் கொடுத்தாள். கறுப்பன் தின்றுவிட்டுத் தானாகவே வண்டியில் ஏறியது. எல்லாம் ஏறியதும் அந்த ஆள் வண்டிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். சத்தம் கேட்டதும் உள்ளே எல்லாம் உட்கார்ந்தன.