ஏரிக்குள் விழுந்த கல்லறைத் தோட்டம்

பிரின்சி, கும்மிடிப்பூண்டியில் நில வரைபடம் போட்டுத் தரும் சிறு கம்பெனி ஒன்றில் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். அப்பா வரதன் இரும்பு உருக்கும் ஆலையில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவர்கள் காலனியில் கம்ப்யூட்டர் படித்த முதல் ஆள் அவள்தான்.

மேப் சாஃப்ட்வேரின் லைசென்ஸ் முடிந்ததும், மேனேஜர் சந்திரமோகன் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைப் போடச் சொன்னார். போட்டாள். அவர்கள் காலனியை ஒட்டிய ஓர் ஆலையின் விரிவாக்கத்துக்கு வரைபடம் போடும் வேலை கையில் இருந்தது. ஜிபிஎஸ்ஸில் புதிதாக அளந்த ஆலை எல்லை சரியாக விழுந்தது. பழைய கிராம வரைபடம் மட்டும் நூறு மீட்டர் தள்ளி விழுந்தது. காலனியின் கல்லறைத் தோட்டம் ஏரிக்குள் கிடந்தது.

மூன்று நாள் அழித்து அழித்துத் திரும்பப் போட்டாள். கடைசியில் பிடிபட்டது. பழைய அளவைப் புது அளவுக்கு மாற்றும் ஃபைலை, புது சாஃப்ட்வேர் பழையதன் ஃபோல்டரில் போய்த் தேடிக்கொண்டிருந்தது. அங்கே போகச் சொன்ன செட்டிங் வரியை நீக்கினாள். வரைபடம் நகர்ந்து பொருந்தியது.

கல்லறைத் தோட்டம் முழுவதும் ஆலை எல்லைக்குள் இருந்தது. அவள் அம்மா மேரியை அங்கேதான் அடக்கம் செய்திருந்தார்கள்.

“சார், கல்லறை உள்ள வர்து.”

சந்திரமோகன் திரையைப் பார்த்தார். “மொதல்ல இருந்த மாதிரியே வுட்ரு.”

“அது தப்பு சார். எங்கம்மா கீறாங்க அங்க.”

“ஓசில வந்த சாஃப்ட்வேர வச்சினு பேஜாரு பண்ணாதம்மா.”

அவள் மறுத்துவிட்டாள். அடுத்த வாரம் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் வரைபடம் ஒட்டப்பட்டது. கல்லறை ஏரிக்குள்ளேயே இருந்தது. அடியில், ‘தயாரித்தவர்: வ. பிரின்சி.’

வரதன் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வந்தார். “இன்னாம்மா, உன் பேரு போட்டுகீது?”

“நான் போடல நைனா.”

“பேரு கீதே.”

வேலையை விட்டாள். சரியான வரைபடத்தை மனுவோடு தாலுகா ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இதுலயும் உங்க பேரு, அதுலயும் உங்க பேரு. நாங்க எதம்மா நம்புறது?”

கல்லறையை உள்ளே வைத்து ஆலையின் மதில் எழும்பியது. கல்லறைத் திருநாளன்று காலனி சனம் மதிலுக்கு வெளியே மெழுகுவர்த்தி ஏற்றியது. பிரின்சி வந்து நின்றதும் பக்கத்திலிருந்த பெண்கள் தள்ளிப் போய்விட்டார்கள். வரதன் தன்னுடையதை ஏற்றி மண்ணில் ஊன்றினார். அவள் கையை நீட்டினாள். அவர் தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.