எதிர்த்து வந்த முளைப்பாலிகை

மகளின் நிச்சயதார்த்த விருந்தில் வாழை இலை போட்டார்கள். எனக்கு அது போதாதா? சோற்றைக் குவித்துத் தித்திவங்சா மலைத்தொடர் ஆக்கினேன். இரண்டு வடைகளை ஓரமாக நிறுத்தி, "இதுதான் ஈப்போ சுண்ணாம்புக் குன்று" என்று பக்கத்தில் இருந்த சம்பந்திக்கு அறிமுகம் செய்தேன். உச்சியில் ரசத்தை ஊற்றினேன். அது பள்ளம் பார்த்து இறங்கி, வடைகளைச் சுற்றிக்கொண்டு, இலையைத் தாண்டி அவருடைய வேட்டியில் போய்ச் சேர்ந்தது.

"வடிநிலம் நல்லாத்தான் இருக்கு. எந்திரிங்க" என்றாள் என் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

முப்பது வருடம் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் வாய் ஓய்வு பெறவில்லை. பிறந்தது தஞ்சோங் ரம்புத்தான் பக்கம், மலையடிவாரத்து ரப்பர் தோட்டத்தில். அங்கே கிந்தா ஆறு கருங்கல் பாறைகளின் மேல் விழுந்தடித்துக்கொண்டு ஓடும். அந்த ஆற்றில் நான் மூன்று ஜப்பான் சிலிப்பர்களைப் பறிகொடுத்திருக்கிறேன். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஆறு என்றால் போவது, போனது போனதுதான் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டேன்.

அதே ஆறுதான் ஈப்போவுக்குள் வந்ததும் சிமெண்டுக் கரைகளுக்கு நடுவே நல்ல பிள்ளையாக நடக்கும். ஈயம் தோண்டிய பழைய லம்பப் பள்ளங்களைத் தாண்டும். செம்பனைத் தோட்டங்களுக்குள் சோம்பல் முறிக்கும். பேராக் ஆற்றில் கலந்து, தெலுக் இந்தானை எட்டும்போது அகலமாக, பழுப்பாக, எதற்கும் அவசரம் இல்லாததாக ஆகிவிடும். என் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது அந்தத் தெலுக் இந்தானில்.

காரில் போனால் ஒன்றரை மணி நேரம். நானோ அவள் கண்டம் விட்டுக் கண்டம் போவது போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். கிண்டல் செய்தார்கள். செய்யட்டும். ஒரே பிள்ளை. எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் நடந்தது. ஒன்பது தானியம் விதைத்து, மணமேடையில் வைத்திருந்த முளைப்பாலிகையை ஓடும் தண்ணீரில் விட வேண்டும். ஈப்போவில் ஆறு கணுக்கால் அளவுதான் ஓடியது. "எப்படியும் இந்தத் தண்ணி தெலுக் இந்தானுக்குத்தானே போகுது, அங்கேயே விடுவோம்" என்றேன். மறுநாள் திங்கட்கிழமை பெண்ணை விட்டுவரப் போனபோது, மண்சட்டிகளும் எங்களோடு காரில் வந்தன.

பன்னிரண்டரை மணிக்கு நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். சம்பந்தியம்மா, "அண்ணே, இப்ப வேணாம்லா. சாயங்காலமா போலாம். தண்ணி வந்து..." என்று ஆரம்பித்தார்.

அவர் நேரம் காலம் பார்க்கிறார் என்று நினைத்தேன். "ராகு காலம் முடிஞ்சிருச்சு, எமகண்டமும் முடிஞ்சிருச்சு" என்று கைபேசியில் பஞ்சாங்கத்தைக் காட்டினேன். தண்ணீரைப் பற்றி எனக்கே சொல்லவருகிறாரே என்ற நினைப்பும் இருந்தது, மறைப்பானேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களோடு கிளம்பினார்.

ஆற்றங்கரைப் படகுத்துறையில் மகள் குனிந்து முளைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டாள். நான் உரையைத் தொடங்கினேன். மலையில் பெய்த மழை, கிந்தா, பேராக், சதுப்புக்காடு, கடல். "இனி இது திரும்பாதும்மா" என்று முடித்தேன்.

"என்னங்க," என்றாள் மனைவி, "திரும்பி வருது."

முளைக்கொத்துகள் கரையோரம் ஒரு சுற்றுச் சுற்றின. பிறகு மல்லிகைப் பூக்களையும் இழுத்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்துக் கிளம்பிவிட்டன. கல்யாண முளை எதிர்த்து வருவது எந்தச் சகுனத்தில் சேர்த்தி? மனைவியின் கை என் முழங்கையைப் பிடித்தது. எங்கள் பரம்பரையில் எல்லாரும் மேட்டு ஆற்றுக்காரர்கள். ஆறு திரும்பி ஓடி யாரும் பார்த்ததில்லை.

சம்பந்தியம்மா அடக்கி வைத்திருந்த சிரிப்பை அவிழ்த்துவிட்டார். "அண்ணே, அங்க கட்டியிருக்கிற படகைப் பாருங்க. மூக்கெல்லாம் எந்தப் பக்கம் இருக்கு? கடல் பக்கம். இப்ப ஆயர் பாசாங், கடல் ஏறுற நேரம். தண்ணி உங்க ஊரு பக்கம்தான் போகும். அதான் சாயங்காலம்னு சொன்னேன்."

கடல் ஏற்றம் ஆற்றுக்குள் புகும் என்பதைப் பரீட்சைக்கு எத்தனை தடவை கேள்வியாகப் போட்டிருப்பேன்! தாளில் திருத்தியிருக்கிறேன். தண்ணீரில் பார்த்தது அன்றுதான். மகளோ படகுத்துறையில் உட்கார்ந்தே விட்டாள், சிரிப்புத் தாங்காமல்.

"அப்பா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முப்பது வருஷமா பிள்ளைங்களுக்கு ஆத்தை ஒரு பக்கம்தானே ஓட விட்டீங்க?"

முளைகள் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு நாளாக நெஞ்சில் கிடந்த கல்லும் அவற்றோடு போய்விட்டது.

இப்போது எங்கள் சமையலறைச் சுவரில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் தெலுக் இந்தானின் கடல் ஏற்ற அட்டவணை தொங்குகிறது. ஏற்றம் ஈப்போவரை எட்டாது என்று எனக்குத் தெரியும். மகள் வருவதும் நெடுஞ்சாலையில்தான். ஆனாலும் சனிக்கிழமைகளில், அங்கே ஏற்றம் எத்தனை மணிக்கோ அத்தனை மணிக்குச் சரியாகக் கைபேசி அடிக்கும்.

"அப்பா, தண்ணி ஏறுது. நான் வாரேன்."

நான் போய் அரிசியில் ஒரு பிடி கூடுதலாகப் போடுகிறேன்.