பெருமூச்சு மீது இரண்டு புகார்கள்

என் மனைவி பெருமூச்சு விட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டீ ஆறிப்போச்சு என்றால் ஒரு பெருமூச்சு. சாவி எங்கே என்று கேட்டால் ஒரு பெருமூச்சு. "இப்ப நான் என்ன சொல்லிட்டேன்?" என்று எகிறுவேன். "நானும் ஒண்ணும் சொல்லலையே," என்பாள். எட்டு வருடம் இப்படியே ஓடியது.

குடிநீர்ப் புகார்களைத் தொலைபேசியில் கேட்டுப் பதிவு செய்வது கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் வேலை. காதில் ஹெட்போன், எதிரே கணினி, ஒரு நாளைக்கு நூற்றுச் சொச்சம் அழைப்பு. தண்ணீர் வரவில்லை என்பார்கள், வந்தால் நாறுகிறது என்பார்கள். நலம் விசாரிக்க ஒருத்தரும் கூப்பிடுவதில்லை.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. தடுப்புப் பலகைக்கு மேலே யார் தலை தெரிகிறதோ, கத்துகிற ஆளின் அழைப்பை மேற்பார்வையாளர் அம்மா அவர்களிடம் தள்ளிவிடுவார். அதனால் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: நாற்காலியை இறக்கு, முதுகை வளை, தலையை மறை. என் மனைவி நல்ல உயரம். அவள் மற்றவர்களைவிட அதிகமாக மடிய வேண்டியிருந்தது.

போன வருடம் அவள் மேலேயே ஒரு புகார் வந்தது. 'பேசும்போது சலித்துக்கொண்டு பெருமூச்சு விடுகிறார்.' ஆறு மாதத்தில் இன்னொன்று. மேற்பார்வையாளர் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் அவள் பெருமூச்சு அவளுக்கே கேட்டது. "மூணாவது வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா, அனுப்பிடுவாங்க," என்றார். நான் எலக்ட்ரீஷியன், கூப்பிட்டால்தான் வேலை. வீடு நடப்பது அவள் சம்பளத்தில்.

அன்றிலிருந்து மூச்சை அடக்கப் பார்த்தாள். அடக்க அடக்க அது கூடியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. இருதயக் கோளாறோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எல்லாப் பரிசோதனையும் நன்றாகவே இருந்தது. "வேலையில எப்படி உக்காருவீங்க? உக்காந்து காட்டுங்க," என்றார் டாக்டர். அவள் காட்டியதும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெட்டியில் திணித்த சட்டை மாதிரி இருந்தாள்.

"வயித்தை இப்படி மடக்கினா மூச்சு எங்கம்மா இறங்கும்? மேலாலயே அரைமூச்சா விடுறீங்க. உடம்புக்குப் பத்தல, அதான் அப்பப்ப பெருசா இழுத்துக்குது. அதே மூச்சு பழகிப்போய் வீட்டுலயும் தொடருது. படபடப்பும் அதனால கூடுது. நிமிந்து உக்காருங்க."

நிமிர்ந்தால் தலை தெரியும். தலை தெரிந்தால் கத்துகிறவர்கள் எல்லாம் அவள் பாடு. குனிந்தால் வேலை போகும். வீடு வரும்வரை பஸ்ஸில் இதையேதான் பேசினோம். "திட்டு வாங்கிட்டுப் போறேன், என்ன இப்ப," என்றாள் கடைசியில்.

மறுநாள் நாற்காலியை ஏற்றினாள். அன்றைக்கு மட்டும் பதினேழு பேர் கத்தினார்கள். மூன்று மாதமாகிறது. மூன்றாவது புகார் வரவில்லை. வீட்டிலும் பெருமூச்சு நின்றுபோனது. படபடப்பும் அடங்கிவிட்டது. அலுப்பு மட்டும் போகவில்லை. வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் சுவரையே பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒரு நாற்காலி செய்த வேலைக்கு எட்டு வருடம் அவளைத் திட்டியிருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

நேற்று மாலை வந்து உட்கார்ந்தாள். "இன்னைக்கு இருபத்திரண்டு பேர் கத்தினாங்க," என்றாள். எனக்கோ பசி.

"சமையல் உண்டா, இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் முதுகை நேராக வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நிதானமாக, நெஞ்சு நிறைய இழுத்து, ஒரு பெருமூச்சு விட்டாள்.

எனக்குத் திக்கென்றது. "மறுபடியும் டாக்டர்கிட்ட போவோமா?" என்றேன்.

"வேண்டாம். அதெல்லாம் சரியாப் போச்சு," என்றாள். "இது உங்களுக்குத்தான்."

நான் எழுந்துபோய் அரிசி களைந்தேன்.