இடது மூலையில் இரண்டு கைகள்

“இதையெல்லாம் வெளியில சொல்லாதீங்க, மரை கழண்டுடுச்சுன்னு நெனைப்பாங்க” என்கிறாள் என் மனைவி. நினைக்கட்டும். நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்கு என்ன பயம்? அன்று அந்த அரங்கில் மேடை மூலையில் நின்றவளைப் பார்க்காதவர்கள் எண்ணூறு பேர் இருக்கும். நானும் அதில் ஒருவன். பார்த்தவர்கள் இருபது பேர். அந்த இருபதில் ஒருத்தி என் மச்சினி. அவள் கையால் சொன்னதை நான் எழுத்தில் சொல்கிறேன், அவ்வளவுதான். கண் காது மூக்கு எதுவும் வைக்கவில்லை.

மச்சினிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. வீட்டில் அவளை ராங்கி என்றுதான் சொல்வோம். பொருத்தமான பெயர். பல் செட் செய்யும் பட்டறையில் வேலை. ஒருநாள் முதலாளி யாரிடமோ, “இதுக்கு ஒண்ணும் தெரியாது, கையில குடுத்ததைச் செய்யும்” என்று சொன்னதை உதட்டைப் பார்த்தே படித்துவிட்டாள். பாதி செய்த பல் செட்டை அவர் கையிலேயே திணித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்றாம் நாள் அவரே எங்கள் வாசலில் வந்து நின்றார்.

அப்படிப்பட்டவள் ஒரு நாடகத்துக்குப் போக வேண்டும் என்று நின்றாள். சாதாரண நாடகம் இல்லை. ஒரு காலத்தில் குழந்தைகள் எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த கார்ட்டூன் படம் ஒன்று. வழி தவறிய மேகம், அதை வீடு சேர்க்கப் புறப்படும் நீர்நாய்க்குட்டி. அதை இப்போது மேடையில் ஆடிப் பாடும் இசை நாடகமாகப் போட்டிருந்தார்கள்.

“பாட்டு நாடகம்டி. நீ போய் என்ன பண்ணப் போற?” என்றாள் என் மனைவி.

ராங்கி சுவரொட்டியின் கடைசி வரியைப் படம் பிடித்து வைத்திருந்தாள். சனிக்கிழமை பகல் காட்சிக்கு மட்டும் சைகை மொழிபெயர்ப்பு உண்டு. மேடையின் இடது மூலையில் ஒருவர் நின்று பாட்டு, பேச்சு எல்லாவற்றையும் கையால் சொல்வார். “டிக்கெட் எடுத்தாச்சு. வர்றவங்க வாங்க” என்று கையை உதறினாள்.

அவளுடைய பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. சின்ன வயதில் அவள் படித்தது காது கேட்காத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி. அங்கே சைகை கூடாது. கை பேசினால் வாய் சோம்பேறியாகிவிடும் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. யாராவது கையை அசைத்தால் வார்டன் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து வெள்ளை நாடாவால் கட்டிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்தப் படத்தைப் போடுவார்கள். பிள்ளைகளுக்கு ஒரு சொல் கேட்காது. டிஸ்க் வேறு கீறல். மேகம் கடலைப் பார்க்கும் இடத்தில் திரை கறுத்து நின்றுவிடும். முடிவை யாரும் பார்த்ததே இல்லை.

ராங்கிக்கு அங்கே ஒரு தோழி. கன்னத்தில் குழி விழும். அந்த இடத்தில் விரலை வைத்தால் அதுதான் அவள் பெயர். அவள் ராங்கிக்கு வைத்த பெயர், மூக்கு நுனியை ஒரு சுண்டு. அவளைத் தவிர வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. விளக்கை அணைத்த பிறகு இரண்டும் ஒரே போர்வைக்குள் புகுந்துகொண்டு ஒன்றின் உள்ளங்கையில் மற்றது விரலால் பேசும். படத்துக்கு அவர்களே வசனம் செய்தார்கள். முடிவையும் செய்தார்கள். மேகத்தோடு நீர்நாய்க்குட்டியும் வானத்துக்குப் போய்விடும். ரெண்டு பேரும் சேர்ந்தே.

பத்து வயதில் குழிக்கன்னம் செத்துப்போனாள். காய்ச்சல் என்றார்கள். அன்றிலிருந்து ராங்கி வாயால் ஒரு சொல் பேசியதில்லை. பள்ளி எதைப் பெரிதாக நினைத்ததோ அதைத் தர மாட்டேன் என்று வீம்பு. அந்தப் படத்தின் முடிவையும் அவள் பார்க்கவே இல்லை. இப்போது எல்லாருக்கும் முன்னால் ஒருவர் கையால் சொல்ல, அதைப் பார்க்க வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அரங்கில் இடது பக்க முன்வரிசைகள் காது கேட்காதவர்களுக்கு. எனக்கும் மனைவிக்கும் பால்கனி. கதவுகளை மூடியதும் ஒலிபெருக்கி கரகரத்தது. மொழிபெயர்ப்பாளருக்கு உடம்பு சரியில்லை, இன்று வர முடியவில்லை, வருந்துகிறோம் என்று ஒரு குரல். யாரிடம் வருத்தம் சொன்னார்களோ அந்த இருபது பேருக்கும் அது கேட்கவில்லை!

“அடப் பாவிங்களா” என்று மனைவி எழுந்தாள். அதற்குள் விளக்கு அணைந்துவிட்டது.

நான் கீழே எட்டிப் பார்த்தேன். இடது மூலையில் ஒரு நாற்காலியும் ஏற்றாத ஒரு விளக்கும் இருந்தன. ஆள் இல்லை. ஆனால் அந்த இருபது தலைகளும் மூலையைப் பார்த்துத் திரும்பியிருந்தன. நீர்நாய்க்குட்டி மேடையில் வழுக்கி விழுந்தது. எண்ணூறு பேர் சிரித்தோம். அந்த இருபது பேரும் அதே நொடியில் சிரித்தார்கள்... மூலையைப் பார்த்துக்கொண்டே.

நான் மறுபடி மூலையைப் பார்த்தேன். வெறும் நாற்காலிதான்.

கீழே ராங்கி பார்த்தது இது. கறுப்பு உடையில், குள்ளமாக ஒருத்தி. முகம் இருட்டில். விளக்கு எரியாமலே கைகள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. ஆரம்பிப்பதற்கு முன் கைகள் கேட்டன, “முடிவு தெரிஞ்சவங்க யாரு?” ராங்கியைத் தவிர எல்லாரும் கையைத் தூக்கினார்கள். “எனக்கும் தெரியாது” என்றன கைகள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

ராங்கிக்கு அந்தக் கைகளை அவ்வளவு பிடித்துப்போனது. மணிக்கட்டுகள் விலகவே இல்லை. ஒட்டியபடியே இருந்தன. அது ஒரு பாணி என்று நினைத்துக்கொண்டாள். மேகம் வந்தது. கைகள் கன்னத்துக்கடியில் தலையணை வைப்பதுபோல் மடங்கின. ராங்கிக்குச் சுருக்கென்றது. மேகத்துக்கு அந்தச் சைகை எந்த ஊரிலும் கிடையாது. ஒரே ஒரு போர்வைக்குள் மட்டும்தான் உண்டு.

இன்னொன்றும் இருந்தது. கட்டை விரலை உதட்டில் வைத்துச் சாய்ப்பது. தண்ணீர். ஆற்றுக் கதைதானே என்று முதலில் வித்தியாசமாகத் தோன்றவில்லை. பாறைக் குகைக் காட்சியிலும் தண்ணீர். நீர்நாய்க்குட்டி தூங்கும்போதும் தண்ணீர். மேடையில் ஒருவரும் இல்லாதபோதும்... தண்ணீர்... தண்ணீர்...

இடைவேளைக்குத் திரை இறங்கும் நேரம். கைகள் நேராக ராங்கியைப் பார்த்துத் திரும்பின. மூக்கு நுனியில் ஒரு சுண்டு.

மனைவி கீழே ஓடினாள். நானும் பின்னால் போனேன். ராங்கியின் முகம் வெளுத்திருந்தது.

“மொழிபெயர்ப்பு பண்றவங்க வரலையாம்டி. மைக்ல சொன்னாங்க.”

“வந்திருக்கா. அதோ நிக்கிறா.”

“அங்க யாரும் இல்லடி. எந்திரி, வீட்டுக்குப் போலாம்.”

“முடிவைப் பார்க்காம எந்திரிக்க மாட்டேன். யார் வந்தாலும் சரி, எது வந்தாலும் சரி.”

பக்கத்து இருக்கை காலி. மனைவி அதில் உட்காரப் போனாள். ராங்கி கையை வைத்து மறித்தாள். “இது வேற ஆளுக்கு.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மணி அடித்தது. எங்களை மேலே விரட்டிவிட்டார்கள்.

இரண்டாம் பாதியில் நான் மேடையைப் பார்க்கவே இல்லை. அந்த இருபது தலைகளைத்தான் பார்த்தேன்.

முதல் பாட்டில் அவை மூலையைப் பார்த்திருந்தன.

அடுத்த பாட்டில் மேடைப் படிகளை.

அதற்கடுத்து... நடைபாதையை.

ஏதோ ஒன்று மெதுவாக நடந்து வந்தது. தலைகள் அதோடு திரும்பின. வரிசை வரிசையாகத் திரும்பின. கடைசியில் எல்லாத் தலையும் ராங்கி இருந்த வரிசையைப் பார்த்து நின்றன.

“ஏங்க...” என்று மனைவி என் கையைப் பிடித்தாள்.

மேடையில் மேகம் கடலைப் பார்த்தது. டிஸ்க் நின்றுபோன அதே இடம்.

மொத்த அரங்கமும் இருண்டது. பாட்டு நின்றது. ஒரு சத்தமும் இல்லை.

க்ரீச்...

கீழே, இடது பக்கம், மடக்கு இருக்கை ஒன்று இறங்கும் சத்தம். அதை நான் என் காதால் கேட்டேன்.

ராங்கியின் கையை ஒரு கை எடுத்தது. சின்னக் கை. சில்லிட்டிருந்தது. காய்ந்து, வறண்டு, சருகாக இருந்தது.

உள்ளங்கையில் விரல் ஓடியது. “அப்புறம்?”

“தெரியாது. பாரு.”

“ரெண்டு பேரும் மேல போவாங்க.”

போர்வைக்குள் அவர்கள் செய்த அதே முடிவு.

“வா” என்றது விரல்.

பிடி இறுகியது. முழங்கை வரை மரத்துப்போனது. தூக்கம் தூக்கமாக வந்தது. அதுதான் பயங்கரம் என்றாள் ராங்கி. வலிக்கவே இல்லையாம். போர்வைக்குள் படுத்திருப்பதுபோல் இதமாக இருந்ததாம்.

“வா... வா...”

ராங்கி செத்துப் பிழைத்தாள். அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது. அந்தச் சின்ன உள்ளங்கையைத் திருப்பி, நகம் பதிய எழுதினாள்.

“மாட்டேன்.”

“வா.”

“மாட்டேன். நீ போ. நான் இருப்பேன்.”

அந்தக் கையை உதறப் போனபோது இன்னொரு கையும் கூடவே வந்தது. தடவிப் பார்த்தாள். இரண்டு மணிக்கட்டும் ஒன்றாக இருந்தன. நடுவில் நாடா.

அதற்குப் பிறகு அவளுக்குப் பயமே இல்லையாம். கோபம் மட்டும்தான். அந்தக் குழந்தை மேல் வந்த கோபம் இல்லை அது. குனிந்தாள். இருட்டில் முடிச்சைத் தேடினாள். விரலுக்கு மசியவில்லை. ஊருக்கே பல் செய்கிறவள் தன் சொந்தப் பல்லால் அதைக் கடித்து இழுத்தாள்.

முடிச்சு அவிழ்ந்தது.

சின்னக் கைகள் இரண்டும் முதல் தடவையாக விலகின.

மேடையில் மழை கொட்டியது. நிஜத் தண்ணீர். வெளிச்சம் வந்தது. மேகம் தன்னையே பொழிந்து ஆற்றில் சேர்ந்தது. நீர்நாய்க்குட்டி கரையில் நின்றது. அதுதான் முடிவு. ஒருத்தர் போக வேண்டும், ஒருத்தர் இருக்க வேண்டும். ராங்கியின் பக்கத்து இருக்கை தானாக மேலே மடங்கிக்கொண்டிருந்தது.

எண்ணூறு பேர் கை தட்டினோம். அந்த இருபது பேரும் தங்கள் வழக்கப்படி இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்கள். அவர்கள் நடிகர்களைப் பார்க்கவில்லை. மழையின் நடுவில் ஒரே ஓர் இடத்தைப் பார்த்து ஆட்டினார்கள்.

வெளிக்கூடத்தில் அரங்க மேலாளர் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுத் தன் கைபேசியில் எழுதிக் காட்டினார். இருபது பேரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். வரவில்லையா? இவ்வளவு நேரம் நின்றது யார்? முன்வரிசையில் இருந்த வயதான தையல்காரர் ராங்கியிடம் வந்தார். அவர் கையால் சொன்னதை மனைவி எனக்குச் சொன்னாள்.

“நல்லாப் பண்ணா அந்தப் பொண்ணு. ஆனா கையை எதுக்கு நாடாவால கட்டியிருந்தாங்க? கடைசியில மழையில நின்னு அண்ணாந்து தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இருந்தாளே... அது படத்துல கிடையாதே?”

ராங்கி மறு வாரமே விசாரித்து, விடுதியில் அந்தக் காலத்தில் வேலை பார்த்த ஆயாவைக் கண்டுபிடித்துவிட்டாள். நான்தான் வண்டி ஓட்டினேன். ஆயாவுக்குத் தள்ளாத வயது. குழிக்கன்னம் காய்ச்சலில்தான் போனாளா என்று நாங்கள் கேட்டதும் அழ ஆரம்பித்துவிட்டது.

“காய்ச்சல்தான் பாப்பா. ராத்திரி பூரா கையை ஆட்டிக்கிட்டே கெடந்துச்சு. ஒடம்பு சரியில்லாதப்பக்கூட சைகை பண்றா பாருன்னு வார்டன் கட்டிப் போட்டுடுச்சு. காலையில அவுக்கலாம்னு வந்தா...”

“என்ன சைகை பண்ணா?” என்று கேட்டாள் என் மனைவி.

ஆயா கட்டை விரலை உதட்டில் வைத்துச் சாய்த்துக் காட்டியது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

“இதையேதான் பண்ணுச்சு. எங்களுக்கு அதெல்லாம் தெரியாது பாப்பா. அதுக்கு என்னம்மா அர்த்தம்?”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது அந்த அறையில் ஒரு குரல் கேட்டது. கரகரப்பாக, தேய்ந்து, இருபது வருடமாகத் திறக்காத குரல். ராங்கி ஆயாவின் கண்ணைப் பார்த்து வாயால் சொன்னாள்.

“தண்ணி.”